தலை தீபாவளி

பெரம்பலூரை அடுத்த குரும்பலூர்ப் பக்கத்தில் ஐப்பசி மாதம் எப்படிப்பட்டது என்பதைக் குடியானவர்களிடம் கேட்க வேண்டும். மக்காச்சோளமும் பருத்தியும் வானத்தை நம்பிக் காட்டில் நிற்கும். விதைக்கும் உரத்துக்கும் போட்ட பணம் மண்ணுக்குள் கிடக்கும். மார்கழியோ தையோ பிறந்தால்தான் அது வீடு திரும்பும். பொங்கல் பண்டிகை அறுவடையோடு வருகிறது. தீபாவளியோ கை வறண்டிருக்கும் சமயம் பார்த்து வருகிறது. அதிலும் ஆவணியில் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீடாயிருந்தால் கேட்கவே வேண்டாம். தலை தீபாவளி அல்லவா?

மாப்பிள்ளைக்கு வேஷ்டி, பெண்ணுக்குப் பட்டு, சம்பந்திகளுக்குத் துணிமணி, பலகாரம், பட்டாசு. இவ்வளவுக்கும் மேலே ஒரு மோதிரம். 2025 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, சென்னையில் ஒரு பவுன் தங்கம் 90,000 ரூபாயைத் தாண்டிற்று. அரைப் பவுன் மோதிரம் என்றாலும் ஒரு சிறு குடியானவருக்கு அது எத்தனை பெரிய பாரம்!

"நாங்கள் ஒன்றும் கேட்கவில்லையே!" என்று சம்பந்தி வீட்டார் சொல்லலாம். வாஸ்தவந்தான். வரதட்சிணை கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-ஆம் வருஷத்திலேயே சட்டம் ஏற்பட்டுவிட்டது. ஆனால் கேட்காமலே கேட்கும் வித்தை ஒன்று உண்டு. "மூத்த மருமகள் வீட்டிலே தலை தீபாவளியை எப்படிச் செய்தார்கள் தெரியுமா?" என்று பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். எந்தச் சட்டமும் அதைப் பிடிக்க முடியாது. புதுப் பெண்ணுக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வராது. பிறந்த வீட்டில் சொன்னால் அப்பா கடன் வாங்குவார். சொல்லாவிட்டால் புகுந்த வீட்டில் அப்பாவின் பெயர் கெடும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவள் தனியாக நிற்கிறாள்.

இந்த இக்கட்டை யார் தீர்ப்பது? பெண்ணைப் பெற்றவர் "என்னால் இயலாது" என்று சொல்லமாட்டார், கௌரவம் தடுக்கும். பெண் பேசினால், "வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் வாயைப் பார்!" என்பார்கள். மீதியிருப்பவர் மாப்பிள்ளை ஒருவர்தான். அவர் பேசினால் யாருக்கும் அவமானமில்லை.

ஆகையால் மாப்பிள்ளைமார்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்து கொள்கிறோம். பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மாமனாருக்கு டெலிபோன் செய்யுங்கள். "மாமா, எனக்கு ஒரு கதர் வேஷ்டி போதும், மோதிரத்துக்காக யாரிடமும் கை நீட்ட வேண்டாம்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். பிறகு உங்கள் தாயாரிடமும் நீங்களே சொல்லுங்கள். அந்த வேலையை மனைவியின் தலையில் கட்டாதீர்கள். அம்மாவுக்கு முதலில் சற்று மனத்தாங்கல் ஏற்படலாம். தம்முடைய தலை தீபாவளியில் தம் தகப்பனார் பட்ட பாட்டை ஞாபகப்படுத்தினால் அதுவும் தணிந்து விடும்.

நரகாசுரன் ஒரே நாளில் மடிந்தான். தீபாவளிக் கடனோ அடுத்த தீபாவளி வந்தாலும் மடிவதில்லை. அந்த அசுரனைப் பிறக்கவொட்டாமல் தடுக்கும் மாப்பிள்ளைக்கு, விடியற்காலையில் மாமியார் வைக்கும் எண்ணெய் உண்மையிலேயே ஆசீர்வாதமாயிருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.