96.96 - அழிரப்பர் வச்சு அழிச்ச ஒரு உலக சாதனை

2025 மே மாசம் தோஹாவுல நீரஜ் சோப்ரா 90.23 மீட்டர் எறிஞ்சப்ப நாம எல்லாரும் துள்ளிக் குதிச்சோம். குதிக்க வேண்டியதுதான். அப்படியே அந்த "தொண்ணூறைத் தாண்டினவங்க" பட்டியலை ஒரு தரம் நிதானமா மேல இருந்து படிச்சுப் பாருங்க மக்களே. முதல்ல செக் நாட்டு யான் ஜெலஸ்னி, 98.48. அடுத்து ஜெர்மனியோட யோஹன்னஸ் வெட்டர், 97.76. அதுக்கு அடுத்தவர்? சட்டுனு 93.90-க்கு இறங்கிடும். நடுவுல ஒரு எறி காணோம். 96.96. அதை எறிஞ்சவர் பேரு செப்போ ரேட்டி. பின்லாந்துக்காரர். அவர் பேரு பட்டியல்ல இருக்கு, ஆனா ரொம்பக் கீழே, 90.60-னு. அந்த ஆறு மீட்டரை யார் தின்னாங்கன்னு கேக்கத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஆளைப் பத்தி. பின்லாந்துல ஈட்டி எறியறதுங்கறது நம்ம ஊர்ல கிரிக்கெட் மாதிரி. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ல முதல் நாலு இடமும் அவங்களுக்குத்தான். ஆம்பளைங்க ஈட்டியில இதுவரைக்கும் ஏழு ஒலிம்பிக் தங்கம். அந்த நாட்டுல, ரஷ்ய எல்லையை ஒட்டின தொஹ்மயார்விங்கற சின்ன ஊர்ல இருந்து வந்தவர் நம்ம ரேட்டி. 1987 ரோம் உலக சாம்பியன்ஷிப்ல 83.54 எறிஞ்சு தங்கம். அன்னிக்கு மூணாவது வந்தவர் யார் தெரியுமா? அதே ஜெலஸ்னி! அப்புறம் 1988 சியோல்ல வெண்கலம், 1992 பார்சிலோனாவுல வெள்ளி, 1996 அட்லாண்டாவுல மறுபடி வெண்கலம். மூணு ஒலிம்பிக், மூணு பதக்கம். சும்மா ஒரு நாள் காத்தடிச்சு ஜெயிச்ச ஆள் இல்லைன்னு புரியறதுக்காகச் சொல்றேன்.

இப்ப கதைக்கு வருவோம். 1984-ல கிழக்கு ஜெர்மனியோட உவே ஹோன் 104.80 மீட்டர் எறிஞ்சுட்டார். மைதானமே பத்தாதுங்கற நிலைமை. போதாததுக்கு ஈட்டி முனை குத்தாம தட்டையா வந்து விழுந்து, செல்லுமா செல்லாதான்னு தினமும் தகராறு. அதனால 1986-ல இருந்து ஈட்டியோட ஈர்ப்பு மையத்தை நாலு செ.மீ. முன்னாடி தள்ளினாங்க. முனை சீக்கிரமே கீழே சாயும், தூரம் குறையும். சரி, நல்ல முடிவுதான்.

மனுஷன் சும்மா இருப்பானா? 1976 ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின ஹங்கேரிக்காரர் மிக்லோஷ் நேமெத், வால் பக்கத்தைச் சொரசொரப்பாக்கி ஒரு ஈட்டி செஞ்சார். போன தூரத்துல கொஞ்சம் திரும்பி வந்துச்சு. பிரிட்டன்காரர் ஸ்டீவ் பேக்லி 1990-ல இதே ரகத்துல 90.98 எறிஞ்சார். ரேட்டி 1991 மே 6-ம் தேதி ஜப்பான்ல ஷிஸுவோகாவுல 91.98. நாலே வாரம் கழிச்சு, ஜூன் 2, சொந்த நாட்டுல புன்கலைதுன்ங்கற சின்ன ஊர்ல 96.96! ஒரே எறியில அஞ்சு மீட்டர் கூட.

அதே 1991-ல தடகள சம்மேளனம் முழிச்சுக்கிச்சு. சொரசொரப்பு வாலுக்குத் தடை. தடை போட்டதோட விட்டாங்களா? அந்த ஈட்டியில முன்னாடி செஞ்ச சாதனையெல்லாமும் செல்லாதுன்னுட்டாங்க. பந்தியில கூப்பிட்டு உக்கார வச்சு, சாப்பிட்டு முடிச்சு கை கழுவினவனை மறுபடி கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து பாயசம் கிடையாது, அதனால இன்னிக்குக் குடிச்சதைக் கக்கு"ன்னா எப்படி இருக்கும்? அப்படி.

ரேட்டி ஒளிச்சு வச்சா எறிஞ்சார்? ஊசி போட்டுக்கிட்டாரா? எல்லாரும் பாக்க, மத்தவங்க எறிஞ்ச அதே ரகத்தை எறிஞ்சார். எறிஞ்ச அப்புறம் வந்த தடைக்கு எறிஞ்சவன் எப்படிங்க பொறுப்பு?

உடனே சில பேர் வருவாங்க. "எல்லாருக்கும்தானே அழிச்சாங்க, பேக்லிக்கும் ஜெலஸ்னிக்கும் போச்சே?" போச்சு. ஆனா பேக்லியோட 90.98 போனதும் உலக சாதனையா எது வந்துச்சு? அதே பேக்லி சாதா ஈட்டியில எறிஞ்ச 89.58! அவர் மேல தப்பு சொல்லலை, அருமையான வீரர். 1992 ஜனவரியில 91.46 எறிஞ்சு தானே அதை மேல ஏத்தினார். ஜெலஸ்னிக்கு அப்புறம் 98.48 வரைக்கும் போக காலம் இருந்துச்சு. ரேட்டிக்கு அப்ப 29 வயசு. உலக சாதனைக்காரர்ங்கற பேரு போனது போனதுதான், திரும்பவே இல்லை.

"அந்த ஈட்டியால வந்த தூரம்தானே, அவர் திறமை இல்லையே?" ஈட்டி உதவி பண்ணுச்சு, யார் இல்லைன்னது? அப்ப அடுத்த வருஷம், தடை வந்த பிறகு, 90.60 எப்படி எறிஞ்சாராம்? பார்சிலோனா, அட்லாண்டா பதக்கமெல்லாம் வால் முளைச்சா வந்துச்சு?

இப்ப முக்கியமான இடம். ஹோனோட 104.80-ஐ என்ன பண்ணாங்க? அழிக்கலை. பழைய ஈட்டி சாதனைன்னு தனியா ஒரு வரி போட்டுப் பத்திரமா வச்சுட்டாங்க. இன்னிக்கும் அதைச் சொல்லித்தான் அவரை அறிமுகப்படுத்தறோம், நீரஜுக்கே பயிற்சி குடுத்தவர்னு சேர்த்து. அவருக்குக் குடுத்த அந்த ஒரு வரி மரியாதை ரேட்டிக்கு ஏன் இல்லை?

நீச்சலை எடுத்துக்குங்க. 2009 ரோம் உலகப் போட்டியில பாலியூரித்தேன் உடுப்பு மாட்டிக்கிட்டு 43 உலக சாதனை. 2010-லேர்ந்து உடுப்புக்குத் தடை. சாதனைக்கு? ஒண்ணும் பண்ணலை. பால் பீடர்மான் 400 மீட்டர்ல போட்ட 3:40.07, 2025 ஏப்ரல் வரைக்கும் அசையாம நின்னுச்சு. மாரத்தான்ல தடி அடிப்பாகம் வச்ச ஷூவுக்கு 2020-ல கட்டுப்பாடு வந்தப்பவும் பழைய நேரங்களைத் தொடலை. விதியை மாத்து, ஓடினவனைத் தண்டிக்காதே. இதுதானே நியாயம்?

2017-ல இன்னொரு கூத்து. 2005-க்கு முந்தின உலக, ஐரோப்பிய சாதனையெல்லாம் அழிச்சு புதுசா ஆரம்பிக்கலாம்னு ஐரோப்பிய தடகள அமைப்பு ஒரு யோசனை வச்சுச்சு. பவுலா ராட்கிளிஃப், ஜொனாதன் எட்வர்ட்ஸ்னு பெரிய பெரிய ஆளுங்க கொதிச்சாங்க. யோசனை அப்படியே அமுங்கிப் போச்சு. பல பேருக்கு அநியாயம்னா சத்தம் வரும். ரெண்டு மூணு பேருக்குன்னா அது வெறும் "விதிமுறை மாற்றம்" ஆயிடும்.

சொரசொரப்பு வாலை மறுபடி அனுமதிக்கச் சொல்லலை. ஜெலஸ்னியை இறக்கச் சொல்லலை. ஒரே ஒரு வரி: "செப்போ ரேட்டி, 96.96, புன்கலைதுன், 2 ஜூன் 1991, அப்போது தடை செய்யப்படாத ஈட்டி." புத்தகத்துல இதுக்கு இடமில்லைன்னு சொன்னா, அந்தப் புத்தகத்துக்குப் பேரு சாதனைப் புத்தகம் இல்லை, சௌகரியப் புத்தகம்.

டிஸ்கி: "ஆறு மீட்டருக்கு இவ்வளவு பெரிய பதிவா"ன்னு பின்னூட்டம் போட நினைக்கிற நண்பர்கள், முதல்ல ஒரு 800 கிராம் ஈட்டியைத் தூக்கி ஆறு மீட்டர் எறிஞ்சு காட்டிட்டு வரவும். தரையில குத்தி நிக்கணும், சொல்லிட்டேன்.