அலை இருக்கிறது, பேச்சு இல்லை

மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதிகளிலும் செங்கல்பட்டு வீடுகளிலும் ஒரே புலம்பல்: வைஃபை கோடுகள் நிறைந்திருக்கின்றன, ஒரு மின்மடலும் போகவில்லை. உப்புக்காற்றின் மேல் பழிபோடுவது நம் வழக்கம். காற்று கம்பிமுனைகளை அரிக்கும், மெய்தான். ஆனால் அக்கோடுகள் நம் கணினி எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதன் அளவு. அது பேசுகிறதா என்பதைச் சொல்வதில்லை. அதே அறையில் பிறர் கணினிகள் வேலைசெய்து, நம்முடையது மட்டும் இயக்கியை நீக்கி மறுபடி ஏற்றியதும் உயிர்பெறுமானால், கோளாறு பெரும்பாலும் இயக்கியில்தான்.

நடப்பது இதுதான். அனுப்பவேண்டிய பொதிகளை இயக்கி வரிசையில் வைக்கிறது; சில்லு ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பி, 'முடிந்தது' என்று தெரிவிக்கிறது. அச்செய்தி தவறிப்போனால் வரிசை நிரம்பி நின்றுவிடும். ஒற்றைத் தண்டவாளத்தில் முன்வண்டி போய்ச்சேர்ந்த தகவல் வராதவரை அடுத்த வண்டியை விடமாட்டார்கள். செங்கல்பட்டு சந்திப்பில் காத்துக்கிடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி என் கட்சி. கோளாறு எல்லா இயக்கியிலும் வரும். அதைத் திறந்து படிக்க முடிகிறதா என்பதே கேள்வி. அத்தெரோஸ் சில்லுகளுக்கு லினக்சில் முன்பிருந்த மேட்வைஃபை இயக்கியின் உட்பகுதி மூடிய பெட்டி. 2008 ஜூலையில் அந்நிறுவனமே ஏ.டி.எச்.9.கே என்ற கட்டற்ற இயக்கியை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த 2.6.27 கருவில் அது இடம்பெற்றது. அதன் பராமரிப்போர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இருந்தன என்பதை நம்மவர் எத்தனைபேர் அறிவர்? சினிமாப் பாட்டுக்கு உதவி இசையமைத்தவரைக்கூடத் தேடிப்பிடித்து எழுதுகிறோம்!

அந்த நிரலில் ஒரு பகுதி நொடிக்கொருமுறை வரிசைகளைப் பார்க்கிறது. பொதி காத்திருந்தும் முன்சோதனைக்குப் பின் எதுவும் நகரவில்லையென்றால், அனுப்புதல் தொங்கிவிட்டதெனப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் சில்லை மீட்டமைக்கிறது. இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று, மயங்கியவர் முகத்தில் தெளிக்கும் தண்ணீர். ஆயினும் எதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பிறர் மூலகாரணத்தைத் தேடமுடிகிறது.

2011இல் அத்தெரோஸை குவால்காம் வாங்கிவிட்டது. நிறுவனம் கைமாறியும் அப்பழைய சில்லுகள் இன்றைய லினக்சிலும் ஓடுகின்றன. மூடிய இயக்கியோடு வந்தவற்றின் கதி வேறு: தயாரிப்பாளர் கைவிட்ட அன்றே நல்ல அட்டையும் குப்பை. பழைய மடிக்கணினி வாங்கிப் படிக்கும் மாணவனிடம் கடைக்காரர் 'கார்டு போச்சு, மாத்திடுங்க' என்கிறார். போனது பல நேரங்களில் அட்டையன்று.

ஆகவே, மாற்றுமுன் மூன்று காரியம் செய்யுங்கள்: மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பாருங்கள், கருவைப் புதுப்பியுங்கள், நின்ற நேரத்துப் பதிவேட்டு வரிகளைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'நெட் வரலை' என்று எழுதும் முறையீட்டை எவரும் திருத்தமுடியாது. அந்த வரிகளோடு எழுதினால், உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் பார்ப்பார்.