படமும் பறவையும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள இராசபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகள் பறவை நோக்குவோர்க்கு உகந்தவை. சாம்பல் நிற மலை அணிலைக் காக்க இங்கு 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. இங்கு ஒளிப்படக் கருவியுடன் வருவோர்க்குப் பொறுப்பும் உண்டு.

தெளிவான படத்திற்காகக் கூட்டை மறைக்கும் கிளையை வளைத்தால், காகமும் பாம்பும் முட்டைகளை எளிதில் கண்டுகொள்ளும். நெடுநேரம் அருகில் நின்றால் தாய்ப்பறவை திரும்பத் தயங்கும். முட்டைகள் வெயிலில் கெடும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டால், போட்டிப் பறவை வந்ததென எண்ணி, இரை தேடுவதை விட்டு எல்லை காக்க விரையும்.

படங்களே மக்களிடம் காட்டின்மீது அன்பை வளர்க்கின்றன என்பர். அது உண்மையே. அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணனின் கருப்பு வெள்ளைப் படங்களும் கட்டுரைகளும் அப்பணியைச் செய்தன. ஆயினும், ஓர் உயிரை வருத்திப் பெறும் படம் அந்த அன்புக்கே முரணானது.

ஊர்க் கண்மாயாயினும் ஆப்பிரிக்கப் புல்வெளியாயினும் நெறி ஒன்றே. மேய்ந்துகொண்டிருந்த பறவை தலைநிமிர்ந்து நம்மை நோக்கினால், அங்கேயே நிற்க வேண்டும்; அது எழுந்து பறந்தால், நாம் எல்லை மீறிவிட்டோம். படம் கிடைக்காத நாளில், கண்ட பறவை, இடம், நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதலாம். அதுவும் அறிவுச் செல்வமே.