தாது வருஷப் பஞ்சமும் மழையின் மீது சுமத்தப்படும் பழியும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வறட்சி பற்றிப் பேச்செழும் போதெல்லாம், "அது மழை பொய்க்கும் பூமி" என்ற ஒற்றைத் தொடரில் தாது வருஷப் பஞ்சமும் அடக்கப்பட்டுவிடுகிறது. இது வரலாறன்று, குற்றவாளியைத் தப்பவிடும் உத்தி.

1876இல் மழை பொய்த்தது உண்மையே. அன்று இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூரே அதன் தலைநகர். சென்னையிலிருந்து கடப்பை செல்லும் இருப்புப்பாதையும் இவ்வழியே ஓடியது. தானியம் வர வழி இருந்தது. வாங்கத்தான் கூலியாளிடம் காசில்லை. விலையேறிய இடத்திற்கு வணிகன் தானே வருவான், அரசு தலையிடலாகாது என்பது வைசிராய் லிட்டனின் கொள்கை. 1877 ஜனவரி முதல் நாள் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் டெல்லியில் நடந்தேறியது. அதே மாதம் சென்னை மாகாணம் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் ஓர் ஆடவனின் நாட்கூலியை ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் எனக் குறைத்தார். மண் சுமக்கும் உடலுக்கு இது போதாதென்று சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். டெம்பிளும் அறியாதவரல்லர். 1874இல் பர்மா அரிசியை இறக்கி வங்காளத்தில் பெருஞ்சாவைத் தடுத்தவர் அவரே; அதற்காக வீண்செலவாளி என்று தூற்றப்பட்டவரும் அவரே. அந்தத் தூற்றலுக்கு அஞ்சியவர் தென்னாட்டில் கையை இறுக்கினார். மாண்டவர் பல லட்சம்.

1983இல் என்.டி.ராமாராவ் அரசு ஏழைகளுக்குக் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கியது. அதன் பின்னும் இம்மண்ணில் மழை பலமுறை பொய்த்தது. தாது வருஷம் திரும்பவில்லை. இன்று குத்தகைப் பத்திரமில்லாத உழவருக்கு வங்கிக்கடனும் பயிர் இழப்பீடும் அரிதாகவே எட்டுகின்றனவே, இதுவும் மேகத்தின் குற்றமா?