ஷூவுக்கும் ஓய்வு வயது உண்டு



இன்று ஒரு விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓடி ஓடித் தேய்த்த ஷூவை, "அப்பாவுக்கு வாக்கிங் போக ஆகும்" என்று ஊருக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு நிச்சயம் வேண்டாம்.

எதையும் வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறீர்கள். அண்ணன் சட்டை தம்பிக்கு, பழைய நோட்டின் மிச்சத் தாள் கணக்குப் போட என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஓடுவதற்கான ஷூ சட்டை மாதிரி இல்லை. மேலே துணி, கீழே ரப்பர், இரண்டுக்கும் நடுவில் நுரை அடுக்கு. மிட்சோல் என்பார்கள். அதில் உள்ள சின்னச் சின்னக் காற்றறைகள்தான் ஒவ்வொரு அடியின் அதிர்வையும் வாங்கிக்கொள்கின்றன. மிதிபட மிதிபட அவை நசுங்கி இறுகிவிடும். துணி பளிச்சென்று இருக்கும், ரப்பரும் தேய்ந்திருக்காது, உள்ளே உயிர் போயிருக்கும். "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டக்காரர்கள் ஒரு ஜோடிக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 500 முதல் 800 கிலோமீட்டர். உடல் எடை, சாலை, ஷூவின் தரம் இவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். நடைக்கு மட்டும் என்றால் இன்னும் கொஞ்சம் வரும். 4,000 ரூபாய் ஷூ 800 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். தினம் 4 கிலோமீட்டர் நடப்பவருக்கு நாளுக்கு 20 ரூபாய், 200 நாள். முழங்காலுக்கு இது பெரிய செலவா, சொல்லுங்கள்.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷூ அதன் முழு ஆயுளையும் வாழ வேண்டும். அதற்குச் சில வழிகள்:

வாங்கிய தேதியை ஷூவின் நாக்கில் பேனாவால் எழுதி வையுங்கள்.

நடக்கவும் ஓடவும் மட்டும் போடுங்கள். கடைத்தெருவுக்கும் கல்யாணத்துக்கும் செருப்பு இருக்கிறது.

லேஸை அவிழ்த்துக் கையால் கழற்றுங்கள். ஒரு காலால் மறுகாலின் ஷூவை மிதித்து உருவினால் குதிகால் பகுதி நெகிழ்ந்துவிடும். அதன்பின் பாதம் உள்ளே ஆடும்.

வாஷிங் மெஷினில் போடாதீர்கள். ஈரத்துணியாலோ பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலோ துடைத்தால் போதும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயில் பசையையும் நுரையையும் கெடுக்கும்.

முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். வியர்வை நன்றாகக் காய இடைவெளி கிடைக்கும்.

துணி கிழிந்தால் தெருமுனையில் தைப்பவர் சரிசெய்து தருவார். உள்ளே போடும் அட்டையையும் மாற்றலாம். நசுங்கிய நுரையை மட்டும் யாராலும் மாற்றித் தர முடியாது.

ஓய்வு கொடுக்கும் நேரத்தை அறிவதும் சுலபம். ஷூவை மேசையில் வைத்துப் பின்பக்கம் இருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அதன் வேலை முடிந்தது. நுரையின் பக்கவாட்டில் ஆழமான சுருக்கம் விழுந்திருந்தாலும் அப்படியே. நடையில் எந்த மாற்றமும் இல்லாமல் முழங்கால் புதிதாக வலித்தால் முதலில் ஷூவின் தேதியைப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஷூ செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் பைக் கழுவவும் ஆகும்.

இப்போது என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் அனுப்பிய புது ஷூவை "நல்ல நாளுக்கு ஆகட்டும்" என்று பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சிலவகை ஷூக்களின் அடிப்பகுதி போடாமலே பொடிப்பொடியாக உதிரும். பசையும் விட்டுப்போகும். ஷூவைப் பெட்டியில் வைத்துவிட்டு ரப்பர் செருப்பில் நடப்பதில் யாருக்கு லாபம்?

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் மூட்டுத் தேய்மானம் உள்ள 164 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில், தட்டையாக வளையும் ஷூ போட்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு நடக்கும்போது வரும் வலி நன்றாகக் குறைந்தது. உறுதியான, பாதத்தைத் தாங்கும் ஷூ போட்டவர்களில் அது 58 பேர். ஷூ முக்கியம் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் 58 என்பது 100 அல்ல. ஷூ மருந்தாகிவிடாது.

முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைக் காலையும் மாலையும் பத்து முறை செய்யுங்கள். முடியாவிட்டால் கையூன்றித் தொடங்கலாம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. எட்டி எட்டி வைக்காமல் சிற்றடியாக வையுங்கள். மூட்டு வீங்கினாலும், மடங்காமல் பூட்டிக்கொண்டாலும், நடக்கையில் திடீரென்று விட்டுக்கொடுத்தாலும் ஷூக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

பிள்ளைகளே, புதிது வாங்கும்போது பழைய நம்பரை நம்பாதீர்கள். "அப்பாவுக்கு எட்டாம் நம்பர்" என்பது முப்பது வருடத்துக்கு முந்தைய கணக்கு. வயதானால் பாதம் அகலும், மாலையில் கொஞ்சம் வீங்கும். ஊருக்கு வரும்போது மாலை நேரத்தில் கடைக்கு அழைத்துப்போய், போட்டு நடக்கவைத்து வாங்கிக் கொடுங்கள்.

வீட்டுப்பாடம் இல்லாமல் உங்களை விட்டதில்லை. இன்றைக்கு வீடியோ காலில் சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டு முடித்ததும், அப்பா அம்மா இருவருடைய நடைச் செருப்பையும் ஷூவையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லோருடையதையும் படிப்பேன்.