ஏறாதவர்களை யார் எண்ணுவது?

மாதம் பிறந்தால் மெட்ரோ ரயில் நிர்வாகத்திடமிருந்து ஓர் அறிக்கை வரும். சென்ற மாதம் இத்தனை லட்சம் பேர் பயணித்தார்கள் என்று. நாளிதழ்கள் அதைக் கட்டம் கட்டிப் போடும். 2024-ல் சென்னை மெட்ரோவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் பயணித்தார்கள். அதே ஊரில் மாநகரப் பேருந்துகளில் தினமும் போய்வருகிறவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். பத்து மடங்கு. அதற்குக் கட்டமும் இல்லை, பாராட்டும் இல்லை.

ஒரு காலத்தில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடுதலாக இருந்தது. ஏன் குறைந்தது என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: மக்களிடம் காசு புரள்கிறது, ஆளுக்கொரு வண்டி வாங்கிவிட்டார்கள், பேருந்தை யாரும் விரும்புவதில்லை.

இது பாதி உண்மை. பேருந்தைவிட்டுப் போனவர்கள் எல்லோரும் விரும்பிப் போனவர்கள் அல்ல. 2018 ஜனவரியில் கட்டணம் ஒரேயடியாக ஏறியபோது தமிழகம் முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தது நினைவிருக்கும். கண்ணகி நகரில் ஓர் இளைஞன் தவணையில் பைக் எடுக்கிறான் என்றால் அது வசதி வந்ததன் அடையாளம் அல்ல. நேரத்துக்கு வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடும் என்பதால் வட்டிக்கு வாங்கிய வண்டி அது. அரசு ஓட்டாத பேருந்துக்கு அவன் தன் கூலியிலிருந்து மாதாமாதம் பணம் கட்டுகிறான்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இந்த மூன்று பெயர்களையும் தெரியாமல் சென்னையின் போக்குவரத்தைப் பேச முடியாது. 2000-லிருந்து கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுப்பகுதியிலும் வாழ்ந்த உழைக்கும் மக்களை, அதில் பெரும்பகுதி நம் மக்களை, அரசு அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமெடுத்தது. வீடு இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்கும் வேலையும், பாரிமுனையில் சுமை தூக்கும் வேலையும் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டுக்கும் நடுவே இருப்பது பேருந்து ஒன்றுதான்.

அந்தப் பேருந்து வராத நாளில் என்ன நடக்கிறது? நாலு வீட்டு வேலையில் இரண்டு போகிறது. கல்லூரியின் முதல் பாடவேளைக்கு வருகைப் பதிவு விழுவதில்லை. அப்படியே சில மாதங்கள் போனால் படிப்பே நிற்கிறது. இரவு கடைசிப் பேருந்தைத் தவறவிடும் அச்சத்தில் ஒரு பெண் கூடுதல் சம்பளம் கிடைக்கும் வேலையை வேண்டாம் என்கிறாள். இவர்கள் யாரும் பயணிகள் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். நடத்துநர் கிழிக்கும் சீட்டு ஏறியவர்களைத்தான் எண்ணும். ஏற முடியாதவர்களுக்குச் சீட்டு கிடையாது.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அடுத்த ஆண்டே அமைச்சர் ஒருவர் மேடையில் அதை 'ஓசி' என்றார். அந்தச் சொல்லில் எல்லாம் இருக்கிறது. உரிமையாகத் தர வேண்டியதைச் சலுகையாக நினைப்பவர்களுக்கு, பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்பது கவலையாக இருக்காது. கட்டணமில்லாத பேருந்து ஒரு மணி நேரம் வராவிட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

பேருந்து நமக்கு வெறும் வண்டியாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகளின் உரிமம் ரத்தாகும் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் உத்தரவிட வேண்டியிருந்தது. 1997-ல் தென் மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றது ஆதிக்க சாதி. கலவரத்தில் உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்து எடுத்துவிட்டது. அன்று ஏறாதே என்று வாய்விட்டுச் சொன்னார்கள். இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊருக்கு வெளியே வீட்டைக் கொடுத்துவிட்டுப் பேருந்தைக் குறைத்தால் போதும்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். பழைய மகாபலிபுரம் சாலையின் நடுவே தூண்கள் நிற்கின்றன. மெட்ரோ வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நிலையத்திலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதை இப்போதே கேட்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வாரம், காலை ஐந்து முதல் எட்டு வரை, இந்த நிறுத்தங்களில் நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். எந்த வண்டி எப்போது வந்தது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள், கடைசி வண்டி எப்போது போனது என்று எழுதுங்கள். கால அட்டவணையில் எத்தனை நடை, உண்மையில் ஓடியது எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போங்கள்.

ஏறியவர்களின் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. நின்றவர்களின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.