எண்ணெய் கலந்த நீர் தானே தெளியுமா?

இறைக்கிற கிணறு ஊறும்; கலங்கிய கிணறு தெளியும். இவை நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கண்ட உண்மைகள். ஆனால், கலந்தது சேறன்று, டீசலோ பெற்றோலோ என்றால்? படலம் மிதக்கும் நீரை இறைத்து ஊற்றிவிட்டுச் சில மாதங்கள் பொறுத்திருந்தாற் போதுமா? இக்கேள்விக்கு ஆராய்ச்சியாளர் நாற்பது ஆண்டுகளாக விடை தேடிவரும் இடம் ஒன்று உண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மினசோட்டா மாநிலத்திலே, பெமிட்ஜி என்னும் ஊருக்கு அண்மையில், 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆந் திகதி மசகெண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் லீற்றர் எண்ணெய் நிலத்திற் கொட்டிற்று. பெரும்பகுதியை அகற்றிவிட்டார்கள். ஆயினும், ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் எஞ்சிற்று; அதில் ஒரு பகுதி மணலினூடே இறங்கி நிலத்தடி நீரைச் சென்றடைந்தது. 1983ஆம் ஆண்டு அந்நாட்டுப் புவிச்சரிதவியல் ஆய்வுத்துறையினர் அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினர். எஞ்சிய எண்ணெயை நிலம் என்ன செய்கிறது என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம்.

எண்ணெயிலுள்ள பென்சீன் முதலியன நீரிற் கரைந்து, நீர் செல்லுந் திசையிலே செல்வன. பென்சீன் புற்றுநோயை விளைவிக்க வல்லது. ஒரு லீற்றர் குடிநீரில் ஒரு கிராமின் இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பெமிட்ஜியிலோ, நிலத்தடி நீர் நகர்ந்த தூரத்தோடு ஒப்பிட, பென்சீன் நகர்ந்த தூரம் மிகக் குறைவாயிருந்தது. எஞ்சியது எங்கே போயிற்று?

அதனை உண்டவை மண்ணில் வாழும் நுண்ணங்கிகள். அவை எண்ணெயை உண்பதற்கு முதலில் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றன. ஒட்சிசன் தீர்ந்தால் நாம் மாண்டுபோவோம். இவ்வகை உயிர்கள் யாவும் மாண்டுபோவதில்லை. நைத்திரேற்றைக் கொண்டு வாழ்வன சில (நமது தோட்டக் கிணறுகளில் அது வேண்டியதற்கு மேலும் உண்டு). மண்ணிலுள்ள மங்கனீசையும் இரும்பையும் கொண்டு வாழ்வன வேறு சில. இவையும் குறைந்தவிடத்து, மெதேன் வாயுவைத் தோற்றுவிக்கும் கூட்டம் தலைப்படுகிறது. வேலை நின்றுவிடுவதில்லை, ஆனால் ஒட்சிசன் உள்ளபோது நிகழும் வேகம் பிற்பாடு இருப்பதில்லை.

இங்கேதான் கண்காணிப்பு இன்றியமையாததாகிறது. கிணற்றிற் பென்சீன் குறைந்துவிட்டது என்ற ஒரு செய்தியால் எதுவும் நிறுவப்படமாட்டாது. மழை நீர் கலந்து ஐதாகியிருக்கலாம். அல்லது அடுத்த வளவுக்கு நகர்ந்திருக்கலாம். ஆகவே எண்ணெய் விழுந்த இடத்திற்கு மேற்புறத்திலும், அவ்விடத்திலும், நீரோடுந் திசையிற் கீழ்ப்புறத்திலும் குழாய்க் கிணறுகள் தோண்டி, ஆண்டுக்கணக்காக நீரைச் சோதிக்கிறார்கள். பென்சீன் குறையும் இடத்திலே ஒட்சிசனும் அற்று, கரைந்த இரும்பும் மெதேனும் மிகுந்து காணப்பட்டால், அவை நுண்ணங்கிகளின் காலடித் தடங்கள். அப்பொழுதுதான் நஞ்சு அழிந்தது, இடம் மாறவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

தானே தெளிவதற்கும் ஒரு விலை உண்டு. பெமிட்ஜியில் மண்ணின் இரும்பு கரைந்தபோது, அதனோடு ஒட்டியிருந்த ஆசனிக்கும் விடுபட்டு நீரிற் கலந்தது. சில இடங்களிற் குடிநீருக்குரிய அளவையும் கடந்தது. எண்ணெயை எவரோ கொட்டினார். ஆசனிக்கை எவரும் கொட்டவில்லை. எண்ணெயை மாத்திரம் சோதித்திருந்தால் இது தெரியவந்திராது. மேலும், நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அங்கே எண்ணெய் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியும், இயற்கையிடம் விடுவதென்றால் வாளாவிருப்பதன்று என வற்புறுத்துகிறது.

அமெரிக்க மணல்வெளியின் கதை நமக்கெதற்கு என்று கேட்போர், சுன்னாகத்தை நினைவு கூர்வாராக. அங்குள்ள மின் நிலையச் சூழலில் எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்ததுபற்றி எழுந்த வழக்கிலே, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் குடிமக்களுக்கு 2 கோடி ரூபாய் வரை இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்திக் கம்பனிக்குக் கட்டளையிட்டது. பெமிட்ஜியின் நிலம் மணல். நீர் அதில் மெல்லக் கசிந்து செல்லும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமோ சுண்ணாம்புக் கற்பாறை. வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நீர் விரைந்தோடும். நுண்ணங்கிகளுக்குக் கிடைக்கும் அவகாசமும் குறையும். ஒரு கிணற்றில் எண்ணெய் இருக்க, வேலிக்கு அப்பாலுள்ள கிணறு சுத்தமாயிருத்தல் கூடும். மாரி கழிந்ததும் நிலைமை மாறவுங் கூடும். ஆதலால் பெமிட்ஜியின் நற்செய்தியை அப்படியே இங்கு பெயர்த்துவைத்தல் தகாது. நமக்கு வேண்டுவன கூடுதலான கிணறுகளிற் சோதனையும், மாரிக்கு முன்னும் பின்னுமான கணக்குமே.

வீட்டிலுள்ளோர்க்கு ஒரு சொல். படலமும் மணமும் இல்லையென்பதாற் பென்சீன் இல்லையென்று கொள்ளற்க. கொதிக்கவைத்தல் கிருமிக்கு மருந்து. பென்சீனை அது ஆவியாக அடுக்களைக்குள் விடும். ஐயம் தோன்றிய கிணற்று நீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்தி, படலம் கண்ட திகதி, அன்றைய நீர்மட்டம், மழை பெய்ததா என்பவற்றைக் கொப்பியொன்றிற் குறித்து வையுங்கள். பரிசோதகர் வரும்போது போத்தலில் எடுத்த நீரோடு அந்தக் கொப்பியையும் கொடுங்கள்.